எழுந்து நிற்கும் பயிற்சி

என் மனைவிக்கு வந்திருப்பது மறதி நோய்தான் என்று உறுதியான அன்று டாக்டர் சொன்னதில் பாதிக்கு மேல் என் மனதில் ஏறவில்லை. மூளைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார். கடைசியாக, நாங்கள் எழுந்து வெளியே வரும்போது, "கால் ஓஞ்சு போகாம பாத்துக்குங்க. தினமும் உடற்பயிற்சி கொடுங்க" என்றார். அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் என்னால் செய்யக்கூடியதாக இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் பிசியோதெரபி அறை. அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். என் மனைவியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொன்னார். என் மனைவி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறையும் சொன்னார். அசைவில்லை. அந்தப் பெண் இன்னொரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். உடனே என் மனைவியும் எழுந்தாள்.

"சொன்னா புரியாது சார். நீங்க எதிர்ல உக்காந்து செய்யுங்க. உங்களப் பாத்து அவங்களும் செய்வாங்க" என்றார்.

எழுந்து நிற்பது பத்து தடவை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது பத்து தடவை. நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடப்பது. துண்டைப் பந்தாகச் சுருட்டி எறிந்து பிடிப்பது. பிறகு நடை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன். அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். எழுதி வாங்கினால்தான் எனக்கு ஒரு காரியம் ஓடும்.

நாங்கள் அதிகம் பேசிக்கொண்ட தம்பதி இல்லை. அவள் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். மில்லை மூடும்வரை காலை ஷிப்ட்தான், ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை. நான் ஒன்பதரைக்குப் போய் ஆறரைக்கு வருவேன். முத்தியால்பேட்டையில் இருபத்து நாலு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் மூலக்குளத்தில் மனை வாங்கி வீடு கட்டி வந்தோம். ஒரே மகள், கல்யாணமாகிக் கடலூரில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நானும் என் மனைவியும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது கிடையாது. உடற்பயிற்சிக்காகத்தான் அது நடந்தது.

முதல் வாரம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாத்துக்குங்க இப்டி குந்தி குந்தி எந்திரிக்கறீங்க" என்றாள். என் முட்டியும் சும்மா இல்லை, ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டது. சில நாள் அவளுக்குக் கோபம் வந்துவிடும். ஒரு நாள் துண்டுப் பந்தை எறிந்ததும் அடிக்க வந்ததாக நினைத்துக்கொண்டு என் கன்னத்தில் அறைந்துவிட்டாள். அறைந்துவிட்டு அவளே அழுதாள். அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் காப்பி குடித்ததும் மறுபடி நாற்காலிகளை எடுத்துப் போட்டேன்.

மூன்று மாதத்தில் மாற்றம் தெரிந்தது. கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்தாள். சாயங்காலம் ஆனால் வரும் அழுகை குறைந்தது. பசி எடுத்துச் சாப்பிட்டாள். படுத்தால் விடியும்வரை தூங்கினாள். ஒவ்வொரு நாளும் செய்ததைச் சுவர் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துப்போய்க் காட்டினேன். பிசியோதெரபி பெண் அதை வாங்கி, அங்கே காத்திருந்த வேறு வீட்டுக்காரர்களிடம் நீட்டி, இப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கு என் பெயர் போய்விட்டிருந்தது, மகள் பெயர் போய்விட்டிருந்தது. நான் அவள் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது வாசல் கேட் திறந்திருந்தது. அவளைக் காணவில்லை. இரண்டு வீடு தள்ளி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு இருக்கிறது. சொல்தா வீடு என்றுதான் தெருவில் சொல்வார்கள். அந்த அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், என் மனைவி தோளில் பையை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அவசர வேலையாகப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று போனாளாம். அதனால் கூப்பிடவில்லையாம்.

வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ரெட்டியார்பாளையம் தாண்டியது, நாற்சந்திச் சிலை தாண்டியது. நெல்லித்தோப்பில் ஒரு தையல் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மணி அடிச்சிருவாங்க, வாங்க போலாம்" என்றாள். மில் ஞாபகம் என்று நினைத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறாள். மூச்சுகூட வாங்கவில்லை. பயத்தில், கேட்டைச் சாத்தியிருக்கிறோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குள்ளே சந்தோஷமும் இருந்தது. மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டாள் என்ற சந்தோஷம்.

கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பையை மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்து ஆட்டினாள். அரை மணி நேரம் ஆட்டுவாள். நான் உள்ளே கூட்டி வருவேன், மறுபடி போவாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஏதோ அவளைச் சிறைவைத்திருப்பது போல இருந்தது.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளுக்காகக் கேட்டைத் திறந்தேன். சமையலறையில் சிலிண்டரை மாட்டிச் சரிபார்த்துவிட்டு அவர் கிளம்பும்போது அவள் இல்லை. நான் மெயின் ரோட்டுக்கு ஓடுவதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. என் மனைவி ரோட்டின் நடுவில், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவள் மேல் மோதாமல் இருக்க ஸ்கூட்டரைத் திருப்பிய ஒரு பெண் கீழே கிடந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கழுத்துப் பட்டை எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் என் மனைவியைச் சொல்தா வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுடைய அம்மா என்னைக் கட்டிலுக்கு அருகே விடவில்லை. "வயசானவங்கள ரோட்ல வுட்டுட்டு நீங்கல்லாம் வூட்ல இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். அவர் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். கட்டிலில் இருந்த பெண், விடும்மா, அவங்க வேணும்னேவா செஞ்சாங்க என்றாள். நான் கொண்டுபோயிருந்த பழத்தை வாசலில் இருந்த ஒரு நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மதியம் மகள் கடலூரிலிருந்து வந்தாள். அம்மாவுக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள். அதன் பிறகு என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"அம்மாவுக்கு நாம யாருன்னே தெரியல. கால் மட்டும் சின்னப் பொண்ணு கால் மாதிரி இருக்கு. நீதான்பா அத உண்டாக்கன."

டாக்டர் சொன்னதைத்தானே செய்தேன் என்றேன்.

"செஞ்ச வரைக்கும் போதும். கொஞ்சம் தளந்து இருந்தாதான் வூட்ல இருப்பாங்க. அடுத்த தடவ பஸ்ஸா இருந்தா இன்னாப்பா பண்ணுவ?"

அவள்மேல் இன்றைக்கும் எனக்குக் குறையில்லை. கடலூரில் ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அவள் என்ன நினைத்துக்கொண்டு எடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை நான் நாற்காலிகளை எடுத்துப் போடவில்லை. என் மனைவி காப்பியைக் குடித்துவிட்டு, நான் வழக்கமாக உட்காரும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மகள் தன் வீட்டுப் பழைய சோபாவை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். அம்மா சாய்ந்து உட்காரட்டும் என்று போனில் சொன்னாள். மெத்தை நடுவில் நன்றாக அமுங்கிப்போன சோபா. அதில் உட்கார்ந்தால் இடுப்பு முட்டிக்குக் கீழே போய்விடும். நானே ஒரு கையை ஊன்றி, இரண்டு தடவை முயன்றால்தான் எழ முடியும். டிவிக்கு எதிரே போட்டேன். தினமும் சாப்பாடானதும் அவளை அதில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். தலையணை கொடுத்தால் இன்னும் எழ முடியாது. அதுவும் எனக்குத் தெரிந்துதான் கொடுத்தேன்.

வழக்கமாகக் கிளம்பும் மூன்றரை மணிக்கு அவள் எழப் பார்ப்பாள். இரண்டு கையையும் மெத்தையில் அழுத்துவாள், கை உள்ளே போகும். கொஞ்சம் எழும்பி மறுபடி விழுவாள். மூன்று தடவை, நாலு தடவை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, கை குடுங்க" என்பாள். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். காதில் விழாதவன் போல இருப்பேன். சில நாள் உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்கள் எனக்குச் சௌகரியமாக இருந்தன. கேட்டைப் பூட்டியிருக்கிறோமா என்று பார்க்கத் தேவையில்லை. மத்தியானம் தூங்கினேன். கடைக்குப் போய்விட்டு நிதானமாக வந்தேன். மூன்றாவது வாரத்தில் அவள் எழ முயல்வதை நிறுத்திக்கொண்டாள். கூப்பிடுவதையும் நிறுத்தினாள். மகளிடம் போனில், இப்போது பரவாயில்லை, அமைதியாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

ஆறாவது வாரம் ஒரு காலை, கட்டிலில் இருந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். நாலடி வைத்ததும் அவள் முட்டி மடங்கியது. பிடிக்கப் போய் நானும் கூடவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. அவளுக்கு எழும் வழி மறந்துவிட்டது. நான் எதிரில் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். என்னையே பார்த்தாளே தவிர அவள் உடம்பு கேட்கவில்லை. சொல்தா வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்துதான் தூக்கினார்கள். உடை மாற்றும்போது பார்த்தேன், முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. உட்கார்ந்தே இருந்ததால் வந்த புண் அது.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை சக்கர நாற்காலியில் போனாள். பிசியோதெரபி பெண் அவள் தொடையைப் பிடித்துப் பார்த்தார். சதை கையில் தளர்ந்து ஆடியது. என்னைப் பார்த்தார்.

"செய்ய மாட்டேங்கறாங்களா சார்?"

ஆமாம் என்றேன். ரெண்டு மாசமாவே ஒத்துக்க மாட்டேங்கறாங்க என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் நம்பிவிட்டார். சில பேருக்கு அப்படி ஆகும், நோய் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது மறுப்பார்கள், நீங்கள் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், உங்களைப் போலச் செய்தவர்கள் யாரும் இல்லை என்றார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, நடந்ததைச் சொன்னேன். ஸ்கூட்டர் பெண், மகள் பேச்சு, சோபா, தலையணை, பேப்பர். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். சேலை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு கிளம்புவாங்க?" என்று கேட்டார்.

"மூணரைக்கு."

"தினமுமா?"

தினமும்தான் என்றேன்.

"அப்ப அந்த நேரத்துக்கு நீங்களே கூட்டிட்டு போயிருக்கலாமே சார். போகணும்னு இருக்கிறவங்கள உக்கார வெச்சா அந்த நெனப்பு போகாது. கால்தான் போகும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. கட்டில் விளிம்பில் இருந்து எப்படி எழுப்புவது, இடுப்பில் துணிப்பட்டை கட்டி எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். முன்பு போல ஆகுமா என்று கேட்டேன். இந்த நோயில் போன பலம் முழுசாகத் திரும்புவது கஷ்டம், முயற்சி செய்வோம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது அந்த மூன்றரை மணி என் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஷிப்ட் முடிவது இரண்டு மணிக்கு. மூன்றரைக்கு மில்லில் அவளுக்கு என்ன வேலை? அது மட்டுமில்லை, மில்லில் மணி அடிக்க மாட்டார்கள். சங்குதான் ஊதும். முத்தியால்பேட்டை முழுக்கக் கேட்கும். "மணி அடிச்சிருவாங்க" என்று அவள் சொன்னது வேறு எதையோ. அந்த நேரத்தில் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்றுமே வீட்டில் இருந்ததில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணி விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தினாள்.

"என் ஸ்கூல்ல நாலு மணிக்கு பெல்லுப்பா" என்றாள்.

பிறகு தானாகவே சொன்னாள். முத்தியால்பேட்டை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் அரை மணி நேர நடையாம். அம்மா குளித்துவிட்டு வந்தாலும் தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்குமாம். மற்ற பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம், அதனால் கேட்டுக்கு எதிரில் நிற்காதே, தெருமுனையில் நில் என்று இவள் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அம்மா தெருமுனையில் நிற்பாளாம். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லையாம். இதெல்லாம் நான் அறுபத்தாறு வயது தாண்டி முதல்முறையாகக் கேட்கிறேன்.

சோபாவைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். அம்மா கை கேட்டதையும் நான் கொடுக்காததையும் சொன்னேன். அவள் பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்பா. அதுல குந்துனா எந்திரிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்புனேன்" என்றாள்.

இரண்டு பேரும் எழுந்து போய்ச் சோபாவைத் தள்ளிக் கொண்டுபோய் வாசல் பக்கம் போட்டோம்.

மறுபடி ஆரம்பித்தோம். முதல் நாள் கட்டில் விளிம்பில் இருந்து ஒரே ஒரு தடவை எழுந்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. இரண்டு வாரம் ஒன்றிலேயே நின்றது. பிறகு இரண்டு, மூன்று. புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. துண்டுப் பந்தை எறிந்தால் பிடிப்பதில்லை, மடியில் விழுந்ததை வைத்துக்கொள்கிறாள். காலண்டரில் நான் கோடு போடுவதில்லை. நாலு மாதம் கழித்து, கையைப் பிடித்துக்கொண்டால் ஐந்தாறு தடவை எழுகிறாள், துணிப்பட்டையைப் பிடித்து நான் பக்கத்தில் வந்தால் தெருவில் நடக்கிறாள்.

தினமும் மூன்றரைக்கு அவளை வெளியே கூட்டிப் போகிறேன். ஆனால் அவளாகக் கிளம்புவதில்லை. பையைத் தேடுவதில்லை. மணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஐந்தாறு வாரத்தில் கால் பலத்தோடு அந்த நினைப்பும் போயிருக்க வேண்டும், அல்லது நோயினால் அந்த நினைப்பு போகிற நேரமும் தற்செயலாக அதுவாகவே இருந்திருக்கலாம். டாக்டரிடம் கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்குச் சாதகமான பதில் அது. அதை நம்ப என்னால் முடியவில்லை.

ஸ்கூட்டர் பெண்ணை ஒரு தடவை மெயின் ரோட்டு மருந்துக் கடையில் பார்த்தேன். கை நன்றாக வேலை செய்கிறது, தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் வலிக்கிறது என்றாள். அவளுக்கும் பத்து தடவை, பதினைந்து தடவை என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாள். நடக்கிறாள் என்றேன்.

மகள் இப்போது எல்லாச் சனிக்கிழமையும் வருகிறாள். போன சனிக்கிழமை எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போய்த் தெருமுனையில் நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் மெதுவாக நடந்தோம். ஐம்பதடிக்கு ஒரு தடவை என் மனைவி நின்றுவிடுவாள், பட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன். முனையை அடைய நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மகள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்காவ நிக்கறம்மா?" என்று கேட்டாள்.

"எங்கம்மாவுக்காவ" என்றாள் மகள்.

"வருவாங்க. வெயில்ல நிக்காத, இப்டி வந்து நில்லு" என்று சொல்லி, மகள் கையைப் பிடித்து மரத்தடிப் பக்கம் இழுத்தாள். இழுத்ததில் தடுமாறினாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது மிகவும் களைத்துவிட்டாள். வீட்டுக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மகள் அம்மாவின் காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மறுநாள் காலை காப்பிக்குப் பிறகு எதிரில் உட்கார்ந்து நான் எழுந்து காட்டினேன். அவள் நாலு தடவை எழுந்தாள். ஐந்தாவதுக்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.